தோர்ணக்கல் ஜங்ஷனில் ஒரு பிஷப்

சென்னையிலிருந்து டெல்லிக்கு ரயில்ல போயிருக்கீங்களா? விஜயவாடா தாண்டி, கம்மம் தாண்டி, வாரங்கல் வர்றதுக்கு முன்னாடி தோர்ணக்கல்னு ஒரு ஜங்ஷன் வரும். பெரும்பாலும் நாம தூங்கிட்டிருப்போம், இல்ல போன்ல ஏதாவது பார்த்துட்டிருப்போம். நானும் நாலஞ்சு தடவை அந்த ஊரைக் கடந்திருக்கேன். அந்த ஊர்ல ஒரு கதீட்ரல் இருக்கு, அதைக் கட்டினவர் எங்க பாட்டி ஊருக்குப் பக்கத்து ஊர்க்காரர்ங்கிறது எனக்கு ரொம்ப நாள் தெரியாது.

இன்னைக்கு அவரைப் பத்திதான். வேதநாயகம் சாமுவேல் அசரியா. ஆனா அவர்கிட்ட போறதுக்கு முன்னாடி, நான் ஏன் அவரைத் தேடிப் போனேன்னு சொல்லிடறேன்.

எனக்கு இருபத்திரண்டு வயசு இருக்கும்போது நான் போயிட்டிருந்த சபையில வாலிபர் முகாம் நடத்தினோம். பணம் நாங்கதான் வசூலிச்சோம். முகாம் முடிஞ்சதும் கூட்டத்துல எழுந்து நின்னு, "அண்ணா, வரவு செலவு கணக்கை எல்லாருக்கும் வாசிச்சிடலாமே"ன்னு கேட்டேன். அவ்வளவுதான். கமிட்டியில இருந்த ஒரு பெரியவர் சிரிச்சுக்கிட்டே, "தம்பி, முதல்ல தாழ்மையைக் கத்துக்கோ. ஆண்டவர் நடத்துவார்"ன்னார். எல்லாரும் ஆமென் சொன்னாங்க. நான் உட்கார்ந்துட்டேன். கணக்கு வாசிக்கப்படவே இல்லை.

பணத்தை யாராவது எடுத்திருப்பாங்கன்னு நான் நினைக்கலை, இப்பவும் நினைக்கலை. என்னை உறுத்தினது வேற. தாழ்மை, தேவ நடத்துதல்னு ரெண்டு நல்ல வார்த்தைகள், ஒரு கேள்வியை மூடி வைக்கிற மூடியா ஆயிடுச்சு. அதுக்கப்புறம் பல வருஷம் அந்த வார்த்தைகளைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். அந்த எரிச்சலோடதான் நான் அசரியாவைப் படிக்க ஆரம்பிச்சேன்.

அசரியா பிறந்தது 1874-ல், இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தில் இருக்கிற வெள்ளாளன்விளையில். அப்போ அது திருநெல்வேலிச் சீமை. தேரியும் பனையும் உள்ள பூமி. அப்பா தாமஸ் வேதநாயகம் அந்த ஊர் ஆலயத்துக்கு ஐயர். (நெல்லைப் பக்கம் கிறிஸ்தவங்க போதகரை 'ஐயர்'னுதான் கூப்பிடுவாங்க. முதல் தடவை கேட்கிற சென்னைக்காரங்க குழம்பிப் போவாங்க.) பையன் சின்ன வயசிலேயே அப்பாவை இழந்தான். அம்மா எல்லன்தான் வளர்த்தாங்க. சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தார், ஆனால் பட்டம் வாங்காமலே வெளியே வந்தார். 1895-ல் ஒய்.எம்.சி.ஏ.வில் செயலாளர் வேலை. தென்னிந்தியா முழுக்கச் சுற்றணும், வாலிபர்களைச் சந்திக்கணும், பேசணும். அந்த வேலையில்தான் ஷெர்வுட் எடி என்கிற அமெரிக்கர் அவருக்குச் சிநேகிதரானார். இந்தச் சிநேகிதத்தை ஞாபகம் வெச்சுக்கோங்க, திரும்ப வரும்.

1902-ல் அசரியா யாழ்ப்பாணம் போனார். அங்கே ஒரு விஷயம் அவரைத் தூக்கிவாரிப் போட்டது. யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவ மாணவர்கள் தங்களுக்குள்ளேயே ஒரு சங்கம் வைத்து, சொந்தப் பணம் போட்டு, கடல் தாண்டி நம்ம தொண்டிப் பக்கத்துக்கு ஊழியரை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். சின்னத் தீவின் ஒரு முனையில் இருக்கிற பிள்ளைகள் தமிழ்நாட்டுக்கு ஆள் அனுப்புகிறார்கள். திருநெல்வேலியிலோ ஆயிரக்கணக்கான கிறிஸ்தவர்கள், பெரிய பெரிய ஆலயங்கள், பள்ளிக்கூடங்கள். அங்கிருந்து வெளியே யார் போயிருக்கிறார்கள்? வாங்கிக்கொண்டே இருக்கிற சபையாக அல்லவா இருக்கிறது?

ஊர் திரும்பினதும் அவரும் நண்பர்களும் 1903 பிப்ரவரியில் திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கினார்கள். கொள்கை ரொம்ப எளிமை: ஆள் இந்தியர், பணம் இந்தியப் பணம், நிர்வாகமும் இந்தியர் கையில். எங்க பாட்டி வீட்டு அடுப்படியில ஒரு தகரடப்பா இருக்கும். உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி அரிசி எடுத்து அதில் போடுவாங்க. நான் சின்னப் பையனா இருந்தப்போ, "ஏன் பாட்டி, எலிக்கா?"ன்னு கேட்டேன். "ஏல, அது ஆண்டவருக்குள்ள அரிசி, தொடாத"ன்னாங்க. மாசக் கடைசியில் அது ஆலயத்துக்குப் போகும். பெரிய தொகை நன்கொடை கொடுக்க வழியில்லாத வீடுகளிலிருந்து பணம் எப்படித் திரளும்னு யோசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த டப்பாதான் ஞாபகம் வருது.

சங்கம் தேர்ந்தெடுத்த இடம்தான் தோர்ணக்கல். ஹைதராபாத் நிஜாம் ஆட்சியில் இருந்த பகுதி. மொழி தெலுங்கு. 1904-லேயே வேலை தொடங்கிவிட்டது. 1905 கிறிஸ்துமஸ் அன்று செராம்பூரில் தேசிய மிஷனரி சங்கம் தொடங்கப்பட்டபோதும் அசரியா முன்னணியில் இருந்தார், அதன் பொதுச்செயலாளரானார்.

இதுவரைக்கும் அசரியா மத்தவங்களை அனுப்பிக்கிட்டிருக்கார். மேடையில பேசறார், வாலிபர்களைப் பார்த்து 'போங்க'ன்னு சொல்றார். ஒரு கட்டத்துல அந்தக் கேள்வி அவர் பக்கமே திரும்பிடுச்சு: போகச் சொல்ற நான் ஏன் போகலை?

தேவ நடத்துதல்னு சொன்னா நாம என்ன கற்பனை பண்றோம்? ராத்திரி ஒரு குரல். ஒரு கனவு. வேதப் புத்தகத்தைக் கண்ணை மூடித் திறந்தா வந்து விழுற வசனம். எந்த வேலைக்குப் போறது, எந்த ஊருக்குப் போறது, யாரைக் கல்யாணம் பண்றதுன்னு தெரியாம நம்மில் நிறைய பேர் அப்படி ஒரு அடையாளத்துக்காகக் காத்துக்கிட்டு இருக்கோம். அசரியா விஷயத்தில் யாழ்ப்பாணத்துக்கும் தோர்ணக்கலுக்கும் நடுவில் ஏழு வருஷம் இருக்கு. அந்த ஏழு வருஷமும் ஜெபம் உண்டு, கூடவே கமிட்டி உண்டு, வசூல் உண்டு, ரயில் பயணம் உண்டு, வீட்டில் பிள்ளைகளும் உண்டு. 1898-ல் அவருக்குக் கல்யாணமாகி இருந்தது. மனைவி பெயர் அன்பு மரியம்மாள். 1909-ல் அகில இந்திய அளவில் கிடைத்திருந்த பெயரையும் வேலையையும் விட்டுவிட்டு, குருப்பட்டம் பெற்று, முப்பத்தைந்து வயதில் தெலுங்கு எழுத்துகளை அஆஇஈயிலிருந்து படிக்க உட்கார்ந்தார். முப்பத்தைந்து வயசுல புது மொழி படிச்சவங்களுக்குத் தெரியும் அது என்ன கஷ்டம்னு. நாலு வயசுக் குழந்தை நம்ம உச்சரிப்பைக் கேட்டு சிரிக்கும்.

சரி, இப்போ 1910-க்கு வருவோம். எடின்பரோ.

அந்த ஜூன் மாதம் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு. சுமார் 1200 பிரதிநிதிகள். அதில் ஆசியாவிலிருந்து வந்தவர்கள் இருபதைக்கூடத் தொடவில்லை. உலகத்தில் பாதிப் பேரைப் பற்றிப் பேசுகிற கூட்டத்தில் அந்தப் பாதியிலிருந்து இவ்வளவு பேர்தான். ஜூன் 20-ந் தேதி மாலை அசரியாவைப் பேசச் சொன்னார்கள். தலைப்பு, வெளிநாட்டு ஊழியருக்கும் உள்நாட்டு ஊழியருக்கும் இடையே ஒத்துழைப்பு. சம்பிரதாயமாக நாலு நன்றி வார்த்தை சொல்லி இறங்கிவிடலாம். அவரை பிஷப் ஆக்கலாம் என்ற யோசனை சென்னை பிஷப் ஹென்றி வைட்ஹெட்டிடம் ஏற்கெனவே இருந்தது. வாயைத் திறந்து பகையைச் சம்பாதிக்க அதைவிட மோசமான நேரம் கிடையாது.

அவர் பேசியதை நான் மூன்று தடவை படித்தேன். சாரத்தை மட்டும் சொல்றேன். இந்தியாவில் மிஷனரிக்கும் இந்திய ஊழியருக்கும் நடுவே நிலவுகிற உறவு சரியாக இல்லை என்று நேராகச் சொன்னார். ஒருவர் வீட்டுக்கு இன்னொருவர் போவதில்லை. ஒரு மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. சம்பளம் கொடுக்கிற முதலாளிக்கும் வேலைக்காரனுக்கும் உள்ள உறவாக அது ஆகிவிட்டது என்றார். மிஷனரிகள் செய்த தியாகத்தை அவர் மறுக்கவே இல்லை. உடைமையைக் கொடுத்தீர்கள், உயிரைக் கொடுத்தீர்கள் என்று ஒப்புக்கொண்டார். கடைசியில் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: நட்பு. கொரிந்தியருக்கு எழுதின முதல் நிருபம் 13-ம் அதிகாரம் தெரிஞ்சவங்களுக்கு அவர் எங்கே கை வெச்சார்னு புரியும். கல்யாணத்துல எல்லாம் வாசிப்பாங்களே, அந்த அன்பின் அதிகாரம். எல்லாத்தையும் தானம் பண்ணினாலும் அன்பு இல்லேன்னா என்ன ஆகும்னு அதுல இருக்கு. அதைத்தான் அந்த 1200 பேர் முன்னாடி அவர் எடுத்து வெச்சார்.

கூட்டத்தில் சிலர் கைதட்டினார்கள். இந்தியாவில் வேலை செய்துகொண்டிருந்த மிஷனரிகள் சிலருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தங்களை மாதிரி உழைத்தவர்கள் யார், இவர் பொதுவாகச் சொல்கிறாரே என்ற வருத்தம். அந்த வருத்தத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. குடும்பத்தைப் புதைத்துவிட்டு ஊழியத்தில் நின்ற மிஷனரிகள் அவர்களில் உண்டு.

என்னை நிறுத்தி யோசிக்க வெச்ச இடம் இதுதான். தாழ்மைன்னா அடங்கிப் போறதுன்னு எனக்குச் சொல்லித்தந்திருந்தாங்க. இங்கே ஒருத்தர் எழுந்து நின்னு, சபையிலேயே பலம் உள்ளவங்களைப் பார்த்து, தாழ்மை உங்ககிட்டதான் குறையுதுன்னு, அந்த வார்த்தையைச் சொல்லாமலே சொல்லிட்டார். ஆனா அவர் பேச்சில ஏளனம் இல்லை. தனக்குப் பதவி கேக்கலை, சம்பளம் கேக்கலை. அவர் கேட்டதில் ஒரு கூச்சம்கூட இருக்கு. நட்பு கேக்கறவன் தன்னை எவ்வளவு இறக்கிக் காட்டணும்! அதிகாரத்தை வாதாடி வாங்கிடலாம், சட்டம் பேசி வாங்கிடலாம். நட்பை எதிராளி மனசு வெச்சாத்தான் தரமுடியும். ஷெர்வுட் எடியோட சிநேகிதம் இல்லேன்னா, இப்படி ஒண்ணு சாத்தியம்னு அவருக்கே தெரிஞ்சிருக்குமான்னு நான் யோசிக்கிறேன். கிடைச்ச ஒண்ணைத்தான் எல்லாருக்கும் கேட்டார்.

நான் இதைப் படிச்சிட்டு என் இருபத்திரண்டு வயசை நினைச்சுப் பார்த்தேன். கணக்குக் கேட்டது சரிதான். ஆனா அந்தப் பெரியவர் பதில் சொன்னதுக்கப்புறம் ஒரு வருஷம் அவரைப் பத்தி நான் வாலிபர் மத்தியில அடிச்ச கிண்டல் இருக்கே, அதுல எங்கேயும் நட்புக்கான கோரிக்கை இல்லை. அவரைத் தனியாப் போய் ஒரு தடவைகூட நான் பார்க்கலை.

பேச்சு அவர் பதவியைக் கெடுக்கலை. கெடுக்கப் பார்த்தது வேற சில விஷயங்கள். இந்தியர் ஒருவர் ஆங்கிலிகன் சபையில் பிஷப் ஆவதை மிஷனரிகளில் பலர் எதிர்த்தார்கள். அவருக்குக் கீழே ஐரோப்பியப் பாதிரியார்கள் வேலை செய்வார்களா என்பது பலர் மனசில் ஓடிய கேள்வி. எதிர்ப்பு வெள்ளைக்காரர்களிடமிருந்து மட்டும் வந்ததாக நினைத்துக்கொள்ளாதீங்க. இந்தியக் கிறிஸ்தவர்களுக்குள்ளேயும் எதிர்ப்பு இருந்தது, அதில் சாதி இருந்தது. அசரியா நாடார் குடும்பத்துப் பிள்ளை. அவர் அப்பா காலத்தில் அந்தச் சமூகத்தைப் பல கோயில் வாசலில்கூட விடமாட்டார்கள். ஞானஸ்நானத் தண்ணி சாதியைக் கழுவிடும்னு பிரசங்கம் கேட்டவங்களே மனு எழுதறாங்கன்னா, என்னத்தச் சொல்ல.

1912 டிசம்பர் 29, ஞாயிற்றுக்கிழமை. கல்கத்தா தூய பவுல் கதீட்ரலில் அசரியா பிஷப்பாக அபிஷேகம் பெற்றார். ஆங்கிலிகன் சபையின் முதல் இந்திய பிஷப். அவருக்குக் கொடுத்தது சின்ன மறைமாவட்டம், தோர்ணக்கல். பிற்பாடு ஆந்திராவின் பெரிய பகுதிகள் அதில் சேர்ந்தன.

அடுத்த முப்பத்திரண்டு வருஷம் அவர் வேலை செய்தது மாலா, மாதிகா என்கிற தலித் மக்கள் மத்தியில். மாட்டுவண்டிப் பயணம், கூடாரம், கிராமம் கிராமமாக ஆராதனை. இந்த இரண்டு சாதிகளுமே ஊருக்கு வெளியே தள்ளப்பட்டவை, ஆனால் அவர்களுக்குள்ளேயே ஒருவர் கையால் ஒருவர் தண்ணீர் குடிக்காத வழக்கம் இருந்தது. அவர்களை ஒரே பாத்திரத்திலிருந்து திருவிருந்து எடுக்க வைப்பது லேசான வேலையில்லை. அழுக்கு, நோய், கடன், குடி ஆகிய நான்கையும் நான்கு பேய்கள் என்று சொல்லி அவற்றை ஓட்டப் பாடுபட்டார். 1940-களில் அந்த மறைமாவட்டத்தில் கிறிஸ்தவர்கள் இரண்டு லட்சத்துக்கு மேல். குருமார்களில் பெரும்பான்மையினர் இந்தியர்கள்.

இங்கே ஒரு விஷயத்தை மறைக்காமச் சொல்லணும். எடின்பரோவில் நட்பு கேட்டவரை, தோர்ணக்கல் மக்கள் 'தண்ட்ரிகாரு'ன்னு கூப்பிட்டாங்க. தெலுங்கில் தந்தையார்னு அர்த்தம். அன்பான வார்த்தைதான். ஆனா அப்பா வேற, சிநேகிதன் வேற இல்லையா? அவர் கண்டிப்பானவர். கிராம மக்களோட பழைய வழக்கங்களில் எது இருக்கலாம், எது போகணும்னு அவர் தீர்மானிச்சார். சிலதை மக்கள் விட்டாங்க, சிலதை விட்ட மாதிரி காட்டிட்டு வெச்சுக்கிட்டாங்க. சம்பளம் வாங்கற கிராம உபதேசியாருக்கும் பிஷப்புக்கும் நடுவே இருந்த தூரம், அவரே எடின்பரோவில் சொன்ன தூரத்தைவிட எவ்வளவு குறைஞ்சிருந்தது? ஒரு உபதேசியார் எழுந்து அவரைப் பார்த்து அதே பேச்சைப் பேசியிருந்தா, அவர் எப்படிக் கேட்டிருப்பார்? எனக்கு அவர் மேல ரொம்ப மரியாதை உண்டு, அதனாலதான் இதைக் கேக்கறேன்.

அரசியலிலும் அவர் சும்மா இருக்கவில்லை. கிறிஸ்தவர்களுக்குத் தனித் தொகுதி கொடுக்கிறோம் என்று பிரிட்டிஷ் அரசு சொன்னபோது அதை எதிர்த்தார். சபை ஒரு ஓட்டு வங்கியாகச் சுருங்கிவிடும் என்பது அவர் கவலை. அதே நேரம், தலித் மக்கள் கிறிஸ்தவத்துக்கு வருவதை காந்தி விமர்சித்தபோது அவரோடும் உடன்படவில்லை. அந்த மக்களுக்குச் சொந்தமாக முடிவெடுக்கத் தெரியும் என்பது அசரியாவின் பக்கம். அதை முழுசாப் பேச ஒரு தனி எபிசோட் வேணும்.

அந்தக் கதீட்ரலுக்கு வர்றேன். கட்ட ஆரம்பிச்சு முடிக்கக் கால் நூற்றாண்டு ஆச்சு. பணம் வரும், நிற்கும், மறுபடி வரும். 1939 ஜனவரி 6-ல் பிரதிஷ்டை நடந்தது. குவிமாடங்களைத் தூரத்திலிருந்து பார்த்தா மசூதின்னு நினைப்பீங்க. உள்ளே தூண்களைப் பார்த்தா நம்ம ஊர்க் கோயில் மண்டபம். நிஜாம் நாட்டில், தெலுங்கு மக்களுக்காக, திருநெல்வேலிக்காரர் கட்டின ஆங்கிலிகன் ஆலயம். இந்த மண்ணில இருக்கிற எல்லாரோட கைவேலையும் உள்ளே வரட்டும்னு நினைச்சிருக்கார். இத்தனைக்கும், போட்டோக்களில் அவர் இங்கிலாந்து பிஷப் உடுப்பில்தான் நிற்கிறார். அந்த முரண் எனக்குப் பிடிச்சிருக்கு. எல்லாத்தையும் ஒரே கோட்டில் வெச்சுக்கத் தெரியாத, நம்மை மாதிரி ஒரு ஆள்.

1945 ஜனவரி 1-ந் தேதி தோர்ணக்கலிலேயே இறந்தார். அவர் பாதி ஆயுசைச் செலவழிச்ச இன்னொரு கனவு, பல சபைப் பிரிவுகள் இணைஞ்சு ஒரே சபை ஆகறது. தென்னிந்தியத் திருச்சபை, அதாவது நம்ம சி.எஸ்.ஐ., 1947 செப்டம்பர் 27-ல் சென்னையில் உருவானது. அவர் அதைப் பார்க்கலை. அதுக்கான முதல் கூட்டம் 1919-ல் தரங்கம்பாடியில் நடந்தது, அதிலும் முக்கியமான குரல் அவருடையது. அடுத்த எபிசோட்ல அந்தத் தரங்கம்பாடிக் கூட்டத்தைத்தான் பேசப் போறோம்.

ஒரு சின்னத் தகவல் சொல்லி நிறுத்திக்கிறேன். போன மாசம் அந்த முகாம் கமிட்டிப் பெரியவரைப் பார்க்கப் போனேன். இப்போ அவருக்கு எண்பது தாண்டிடுச்சு, காது சரியாக் கேக்காது. டீ குடிச்சோம். "தம்பி, நீங்க அன்னைக்கு ஏதோ கணக்குக் கேட்டீங்கல்ல?"ன்னு அவரே ஆரம்பிச்சார். பரணிலிருந்து ஒரு நோட்டை எடுத்துட்டு வரச் சொன்னார். பேரப்பையன் ஏணி போட்டு எடுத்துத் தந்தான். எல்லாம் இருந்துச்சு, பஸ் வாடகை, அரிசி, காய்கறி, விறகு. நாற்பத்தேழு ரூபாய் மிச்சம். அதை எந்த உண்டியலில் போட்டோம்னு அவருக்கும் ஞாபகம் இல்லை, எனக்கும் தெரியலை.